வேரறுந்தோர் மனப்புண்: மலையகத்திலிருந்து திரும்பியோர் வரலாறு தரும் பாடம்

1964ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் புதுடில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவராய் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர் 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்டனர். அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று. 1974ஆம் ஆண்டு அந்த எஞ்சியோரும் இரு நாடுகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

களத்து நெல்லைப் பங்கு பிரிப்பதுண்டு; தகப்பன் விட்டுச் சென்ற நிலத்தைப் பங்கு பிரிப்பதுண்டு. இங்கே பங்கு பிரிக்கப்பட்டோர் மனிதர். ஒப்பந்தம் பேசிய இடத்தில் அம்மக்களின் சார்பாளர் எவரும் அமர்ந்திருக்கவில்லை.

இவ்வரலாற்றை எழுதியோர் எண்ணிக்கையை எழுதினர்; கப்பலேறிய ஆண்டுகளை எழுதினர்; கொடுக்கப்பட்ட கடன் தொகையை எழுதினர். குடும்ப அட்டையில் பெயர் உண்டு, வயது உண்டு, உறவுமுறை உண்டு. ஆனால் பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டவனின் உள்ளம் என்ன பாடுபட்டது என்று எழுத அவ்வட்டையில் இடமில்லை. அவ்விடத்தை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நமக்குத் தனிக் கடமையும் உண்டு. அங்கே சென்றோருள்ளும் திரும்பி வந்தோருள்ளும் பெரும்பான்மையோர் நம் தாழ்த்தப்பட்ட சமுதாயத்தைச் சேர்ந்தவர்களே.

சென்றவர் யார்? ஏன் சென்றனர்?

1830ஆம் ஆண்டுகளுக்குப் பின்னர் ஆங்கிலேயர் இலங்கையின் கண்டிச் சீமையில் காடு திருத்திக் காப்பிப் பயிரிட்டனர். அதற்குக் கூலியாட்கள் தமிழகத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டனர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் சென்றனர். 1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் பரவிக் காப்பி அழிந்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே பருவத்துக்கு வந்து போன கூலிகள் குடும்பத்தோடு அங்கேயே தங்கலாயினர்.

அவர்கள் பொருள் தேடிப் புறப்பட்ட வணிகர் அல்லர். நம் முன்னோர் அந்நாளில் பண்ணைகளில் அடிமைகளாய் இருந்தனர். 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை முறையைச் சட்டத்தின் பார்வையில் செல்லாததாக்கியது. எனினும் நிலம் இல்லை; கூலி இல்லை; சேரியைத் தாண்டினால் தடி. பின்னர் 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் உயிரையே பறித்தது. இந்நிலையில் கங்காணி வந்து, தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்றான். பசித்தவன் நம்பினான். நம்பாதவனுக்கும் வேறு வழி இருக்கவில்லை. ஆதலின் அப்பயணத்தை விருப்பக் குடியேற்றம் என்று கூறுதல் பொருந்தாது. சாதியும் பசியும் பின்னின்று துரத்தியதால் நிகழ்ந்த பெயர்ச்சி அது.

தொடக்க காலத்தில் சென்றோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். பிழைத்துச் சென்றவருக்கு லயம் என்னும் நீண்ட கொட்டடியில் ஓர் அறை கிடைத்தது. கங்காணியிடம் பட்ட முன்பணக் கடன் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது. கடனைக் குறித்த துண்டுச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல இயலாது. இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. கங்காணிமார் பெரும்பாலும் மேற்சாதியினராய் இருந்தனர். கொழுந்து பறித்தோரும் முள்ளுக் குத்தியோரும் பெரும்பாலும் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று ஊரில் ஒதுக்கப்பட்டவராய் இருந்தனர்.

ஆயினும் மூன்று நான்கு தலைமுறைகளில் அந்த மலை அவர்களுக்கு ஊராயிற்று. மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர். மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடினர். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகள் விடிய விடிய நடந்தன. தப்பு முழங்கியது. இறந்தோரைத் தேயிலை மலைச் சரிவிலேயே புதைத்தனர். ஒரு மண்ணில் பிறந்தவர் அங்கே உழைத்து, அங்கேயே தம் முன்னோரைப் புதைத்தும் இருந்தால், அம்மண்ணைச் சொந்த ஊர் என்று அழைக்க வேறு பத்திரம் வேண்டுவதில்லை. அரசு பத்திரம் கேட்டது.

நாடற்றவர் ஆக்கப்பட்ட வரலாறு

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் தம் சார்பாளர் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட, பிறப்புப் பதிவு முறையாக நடைபெறாத மக்களிடம் சான்று ஏது? 1949ஆம் ஆண்டு வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. பல இலட்சம் மக்கள் ஒரே இடத்தில் இருந்தபடியே அயலார் ஆயினர். வீடு மாறவில்லை, தொழில் மாறவில்லை, காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதும் நிற்கவில்லை. ஆனால் அவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர் என்று சட்டம் கூறிவிட்டது.

அகதி என்றால் எல்லை கடந்து ஓடி வந்தவர் என்றே பொதுவாக எண்ணுகிறோம். எல்லை கடப்பதற்கு முன்னரே மனம் அகதியாகிவிடுவதுண்டு. நாளை இங்கு இருப்போமா என்ற ஐயம் ஒரு நாள் இருந்தால் அது கவலை. 16 ஆண்டுகள் இருந்தால் அது மனத்தின் அடித்தளத்தையே அரித்துவிடும். 1948 முதல் 1964 வரை அம்மக்கள் வாழ்ந்தது அவ்வாறே.

ஒப்பாரிக் கோச்சி

ஒப்பந்தத்துக்குப் பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்றோர் தொகுதி தொகுதியாக அனுப்பப்பட்டனர். பதுளை, அட்டன், நாவலப்பிட்டி முதலிய மலைநாட்டு நிலையங்களிலிருந்து இரயில் தலைமன்னாருக்குச் செல்லும். அங்கிருந்து கப்பல் இராமேசுவரத்துக்கு வரும். தனுஷ்கோடித் துறை 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்து போயிருந்தது.

மலையக மக்கள் இரயிலைக் கோச்சி என்பர். திரும்புவோரை ஏற்றிச் சென்ற இரயிலுக்கு அவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். ஒப்பாரி இறந்தவருக்காகப் பாடப்படுவது. இங்கே உயிரோடு செல்வோருக்காக உயிரோடு நிற்போர் பாடினர். அதற்குக் காரணம் உண்டு. கணவன் வீட்டார் இந்தியர் என்று பதிவானால் மனைவி கணவனோடு செல்ல வேண்டும். அவளுடைய தாயும் தந்தையும் இலங்கையர் என்று பதிவாகியிருந்தால் அவர்கள் அங்கே நிற்பர். மகள் இந்தியாவுக்கு, தாய் இலங்கைக்கு. அண்ணன் அக்கரைக்கு, தம்பி இக்கரைக்கு என்று குடும்பங்கள் உடைந்தன. இரயில் நகர்ந்தபின் மீண்டும் பார்ப்போம் என்ற நம்பிக்கை பலருக்கு இல்லை. பலர் பார்க்கவுமில்லை. அது உயிரோடு நடந்த இழவு. அந்த இழவுக்குப் பதினாறாம் நாள் இல்லை, கருமாதி இல்லை. முடிவுச் சடங்கு இல்லாத துயரம் உள்ளத்திலேயே தங்கிவிடும்.

1973–74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக வன்முறைகள் வெடித்தன. போவதா இருப்பதா என்று தயங்கியோரையும் இவை துரத்தின. பின்னர்ப் போர் மூண்டதால் 1984ஆம் ஆண்டோடு கப்பல் நின்றது. அதற்குள் பிள்ளைகளையும் சேர்த்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்கு வந்துவிட்டனர்.

தாயகம் வரவேற்ற முறை

அரசு ஆவணங்கள் இவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று அழைத்தன. ஆனால் பாட்டனோ பூட்டனோ விட்டுச் சென்ற ஊருக்குப் பேரன் திரும்பியபோது அங்கே அவனுக்கு வீடில்லை, நிலமில்லை, அவனை அறிந்தவர் இல்லை. இருந்தது சேரி ஒன்றே. தோட்டத்திலும் சாதி இருந்தது. எனினும் லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்து, ஒரே மலையில் கொழுந்து பறித்து, ஒரே சங்கத்தில் கொடி பிடித்தவர்களிடம் அதன் பிடி சற்றே தளர்ந்திருந்தது. அப்படிப்பட்டவர் தமிழகத்து ஊரின் தேநீர்க் கடையில் தனிக் குவளையைக் கண்டபோது அடைந்த அதிர்ச்சி சிறிதன்று. எந்தக் கொடுமையிலிருந்து தப்ப முன்னோர் கடல் கடந்தனரோ, அதே கொடுமை கரையில் காத்திருந்தது.

மறுவாழ்வுக்கென அரசு சில திட்டங்களை வகுத்தது. மண்டபம் முகாம் வந்தோரைத் தங்கவைக்கும் இடமாயிற்று. முற்காலத்தில் இலங்கைக்குச் சென்ற கூலிகளைத் தடுத்து வைத்துச் சோதித்த முகாமும் இதுவே என்பது நினைக்கத்தக்கது. 1968ஆம் ஆண்டு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் டான்டீ என்னும் நிறுவனமாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்தின் புனலூரிலும் கருநாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் இரப்பர்த் தோட்டங்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. 1969ஆம் ஆண்டு தாயகம் திரும்பியோருக்கெனக் கூட்டுறவு வங்கி ஒன்று நிறுவப்பட்டது. இவற்றால் பயன்பெற்ற குடும்பங்கள் உண்டு. இதை மறுத்தல் நேர்மையாகாது.

ஆனால் வந்தோருள் பெரும்பகுதியினருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன் என்னும் சிறு தொகையே. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைக்குத் தராசைக் கொடுத்தால் அது என்ன செய்யும்? இடைத்தரகர் ஏமாற்றினர். கடை நொடித்தது, கடன் தின்று தீர்ந்தது. பின்னர் அவர்கள் தாம் அறிந்த குளிரையும் தாம் அறிந்த தொழிலையும் தேடித் தாமாகவே நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினர். கொடைக்கானல் மலையில் சீகை மரப்பட்டை உரிக்கும் வேலையில் கொத்தடிமைகளாய்ச் சிக்கியோர் 1980ஆம் ஆண்டுகளில் மீட்கப்பட்டனர். கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் 'சிலோன்காரன்' என்ற பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன்.

இன்னொரு கொடுமையும் உண்டு. அட்டவணைச் சாதியினர் பட்டியலுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அப்போது முன்னோர் எங்கே வாழ்ந்தனர் என்ற கேள்வி எழுப்பப்பட்டதால், திரும்பி வந்தோரின் பிள்ளைகள் பலர் சாதிச் சான்றிதழ் பெற அலைந்தனர். அவர்கள் சாதியால் இழிவுபடுத்தப்பட்டபோது ஒருவரும் சான்றிதழ் கேட்கவில்லை. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது மட்டும் கேட்டனர்.

மனப்புண்ணைப் பற்றி உலகம் கற்றது

இனி மருத்துவ அறிஞர் இவ்வகைத் துயரத்தைப் பற்றி என்ன கண்டனர் என்பதை நோக்குவோம். ஊரை விட்டுப் பிரிந்த ஏக்கம் உடலை வாட்டும் நோயாகலாம் என்று 1688ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர் யோகன்னசு ஓபர் ஆய்வேடு எழுதினார். வெளியூரில் வேலைக்கும் படைக்கும் சென்ற இளைஞர் உணவும் உறக்கமும் இழந்து மெலிந்ததை அவர் கருத்திற்கொண்டார். ஊரேக்கத்துக்கு அவர் படைத்த 'நாஸ்டால்ஜியா' என்னும் சொல் இன்றும் வழங்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்கேள்வி பெரிதாக எழுந்தது. இட்லரின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிய யூதருக்கு 1950ஆம் ஆண்டுகளில் மேற்கு செருமனி இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. முகாமில் உடைந்த எலும்புக்கு இழப்பீடு கிடைத்தது. உடைந்த மனத்துக்கு எளிதில் கிடைக்கவில்லை. துன்பம் தீர்ந்தபின் நல்ல மனம் தானே தேறிவிடும், தேறவில்லையெனில் அக்குறை அவரது பிறவி இயல்பில் உள்ளது என்று செருமானிய மருத்துவர் பலர் சான்றளித்தனர். ஒருவனை மிதித்துவிட்டு, அவன் எழ இயலாமைக்கு அவன் பிறப்பே காரணம் என்னும் இவ்வாதம் நமக்குப் புதியதன்று. நம் சமுதாயம் பன்னூறு ஆண்டுகளாகக் கேட்டு வரும் வாதம் இது.

இவ்வாதத்தை மருத்துவர் சிலர் எதிர்த்தனர். செருமனியிலிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த வில்லியம் நீடர்லாண்டு, முகாமில் தப்பியோரிடம் பொதுவாகக் காணப்பட்ட அறிகுறிகளை 1961ஆம் ஆண்டில் தொகுத்துக் காட்டினார். உறக்கமின்மை, கொடுங்கனவு, ஓயாத அச்சம், மகிழ்ச்சியின்மை ஆகியவற்றோடு, பிறர் மாண்டிருக்க நான் ஏன் பிழைத்தேன் என்னும் குற்ற உணர்வும் அவற்றுள் அடங்கும். நார்வே நாட்டு மருத்துவர் லியோ ஐடிங்கர் தாமே அகதியாய் அந்நாட்டுக்கு வந்து, அங்கிருந்து ஆசுவிட்சு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தப்பியவர். அவர் நார்வேயில் குடியேறிய அகதிகளை ஆராய்ந்தார். பட்ட கொடுமையோடு, வந்த இடத்தின் தனிமையும் பாதுகாப்பின்மையும் நோயை வளர்ப்பதைக் கண்டார். வியத்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் போராட்டமும் சேர்ந்து, 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தத்தைத் தனி நோயாக ஏற்றது. எந்த மனிதனையும் உடைக்கக்கூடிய கொடுமைகள் உலகில் உண்டு. உடைந்தவன் பிறவியில் குறைபட்டவன் அல்லன் என்பதே அவ்வேற்பின் பொருள்.

அதன் பின்னரும் அறிவு வளர்ந்தது. கம்போடிய அகதிப் பிள்ளைகளை ஆராய்ந்த மோரிசு ஐசன்புரூக்கு என்னும் ஆசுதிரேலிய மருத்துவர், அகதியின் துயரத்தைப் 'பண்பாட்டு இழவு' என்றார். தெய்வம், சடங்கு, மொழி, முன்னோர் கல்லறை ஆகிய அனைத்தையும் ஒருங்கே இழந்ததற்கான துக்கம் அது. தம் சடங்குகளைத் தொடர இடம் பெற்ற பிள்ளைகளிடம் அத்துக்கம் குறைந்திருந்ததை அவர் கண்டார். 2005ஆம் ஆண்டில் போர்ட்டர், ஏசுலம் என்னும் இரு ஆய்வாளர்கள், இடம்பெயர்ந்தோர் மனநலம் குறித்து உலகின் பல பகுதிகளில் நடந்த 56 ஆய்வுகளைத் திரட்டி நோக்கினர். முகாம் போன்ற தற்காலிகக் கொட்டடிகளில் வாழ்ந்தோரின் மனநலம் தாழ்ந்திருந்தது. நிலையான சொந்த வீடு பெற்றோரின் நிலை மேம்பட்டிருந்தது. பிழைக்கும் வழி அடைபட்டோர் நலிந்திருந்தனர். பெண்களும் முதியோரும் நாட்டுப்புறத்தாரும் கூடுதலாக வாடியிருந்தனர்.

இவ்வாய்வு தரும் உண்மை எளியது, எனினும் பெரியது. அகதியின் மனப்புண்ணை உண்டாக்குவது அவனைத் துரத்திய நாடு. அதை ஆற்றுவதோ ஆறவொட்டாமல் வைப்பதோ அவனை ஏற்ற நாடு.

நம் மக்களுக்குப் பொருத்திப் பார்த்தால்

மேற்கூறிய அளவுகோலை மலையகத்திலிருந்து திரும்பியோர் வாழ்வின் மீது வைத்துப் பார்ப்போம். நிலையான வீடு உண்டா? தோட்டத்து வீடு வேலை உள்ளவரைதான். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்ற அச்சம் டான்டீத் தொழிலாளரை அரை நூற்றாண்டாகத் தொடர்ந்தது. பிழைக்கும் வழி உண்டா? கடன் கிடைத்தது, தொழில் கிடைக்கவில்லை. உறவு உண்டா? உறவில் பாதி கடலுக்கு அப்பால். மதிப்பு உண்டா? இரட்டைக் குவளை. புண்ணை ஆற்ற வேண்டிய நான்கு மருந்துகளும் ஒருசேர மறுக்கப்பட்டன.

இத்தகைய துயரம் நம் மக்களிடம் நூலில் எழுதியவாறு தோன்றுவதில்லை. "எனக்கு மனநோய்" என்று எவரும் கூறார். நெஞ்சை அடைக்கிறது, தலை பாரமாயிருக்கிறது, கை கால் ஓய்ந்து போகிறது, இராத்திரியெல்லாம் யோசனை என்பர். மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்குவர். சிலர் சாராயத்தில் மறதி தேடுவர். பெண்கள் பேசாமல் ஒடுங்குவர். அல்லது சாமியாடி அழுது தீர்ப்பர். இவற்றைக் கண்ட அயலார், "இவர்கள் இப்படித்தான், குடிகாரர், சோம்பேறிகள், நன்றி கெட்டவர்கள்" என்றனர். நோயின் அறிகுறியைச் சாதியின் குணம் என்று கூறிய இப்பேச்சுக்கும், வதைமுகாமில் தப்பியவனைப் பிறவிக் குறையுடையவன் என்ற செருமானிய மருத்துவரின் சான்றுக்கும் வேறுபாடு இல்லை.

மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். இம்மக்கள் முற்றும் உடைந்துவிடவில்லை. நீலகிரிக் குடியிருப்புகளில் மாரியம்மன் கோயில்களை எழுப்பினர். சங்கம் அமைத்துக் கூலிக்குப் போராடினர். தாம் பார்த்திராத பள்ளிக்குத் தம் பிள்ளைகளை அனுப்பினர். மருத்துவர் நூல்கள் கூறும் முன்னரே, கூட்டாக வாழ்தலும் கூடி வழிபடுதலும் கூடிப் போராடுதலும் மனப்புண்ணுக்கு மருந்து என்பதை அவர்கள் தம் வாழ்வால் கண்டிருந்தனர். தாழ்த்தப்பட்ட சமுதாயத்தின் பொது வரலாறும் இதுவே. நம்மைக் காத்தது தனி மனிதரின் வீரம் மட்டுமன்று. தெருவே சேர்ந்து நின்ற ஒற்றுமை.

இன்னும் முடியாத கதை

இலங்கையில் எஞ்சியிருந்த மலையகத் தமிழரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் இந்தியாவில் அக்கதை முடியவில்லை. 1977ஆம் ஆண்டுக்குப் பின்னர்த் தோட்டங்களை விட்டு வன்னிக்குச் சென்ற மலையகக் குடும்பங்கள் பல, 1983ஆம் ஆண்டுக்குப் பின் படகேறித் தமிழகம் வந்தன. 1984க்கு முன் கடவுச்சீட்டோடு கப்பலில் வந்தவர் தாயகம் திரும்பியோர். பின்னர்ப் படகில் வந்தவர் அகதி. இருவரின் பூட்டனும் ஒரே ஊரிலிருந்து புறப்பட்டவனாக இருக்கலாம். எனினும் ஒருவர் குடிமகன், மற்றவர் முகாம்வாசி. 2019ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் இத்தகையோர் தொடுத்த வழக்கில், அவர்களின் வேர் இந்நாட்டில் இருப்பதைச் சுட்டிக்காட்டிக் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிவோடு நோக்குமாறு கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரைப் பற்றியே பேசிற்று. இலங்கையிலிருந்து வந்தோரைச் சேர்க்கவில்லை. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு அகதி முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்று பெயரிட்டது. இழிவுப் பெயர் நீங்குவது நன்றே. பெயர் மாறியதுபோல் நிலையும் மாறுதல் வேண்டும்.

இளைஞர் செய்ய வேண்டியவை

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் இத்துயரக் கதை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பட்டம் பெறுவதோடு கல்வியின் பணி முடிந்துவிடுவதில்லை. நம் மக்கள் பட்ட துன்பத்துக்குச் சரியான பெயர் இடக் கற்பதும் கல்வியே. துன்பத்துக்குத் தவறான பெயர் இட்டால் தவறான மருந்தே கிடைக்கும். குடிகாரன் என்று பெயரிட்டால் உதையும், பேய் என்று பெயரிட்டால் வேப்பிலையும், நோய் என்று பெயரிட்டால் மருத்துவமும், அநீதி என்று பெயரிட்டால் உரிமைப் போரும் விளையும். பின்னிரண்டும் சேர்ந்தே நடைபெறுதல் வேண்டும்.

ஆகவே நம் இளைஞர் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம்.

முதலாவது, கேட்டல். நம் தெருவிலோ உறவிலோ இலங்கையிலிருந்தோ பிற இடங்களிலிருந்தோ பெயர்ந்து வந்த முதியோர் இருப்பின், அவர்கள் அருகில் அமர்ந்து அவர்கள் கூறுவதைக் கேட்டு எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாரை விட்டுவிட்டு வந்தனர் என்று கேளுங்கள். கூற விரும்பாதவரை வற்புறுத்தல் ஆகாது. துயரத்தைத் தோண்டி எடுப்பது ஒன்று. அது தானே வெளிவர இடம் கொடுப்பது வேறொன்று. 1960ஆம் ஆண்டுகளில் குடும்பத்தலைவராய்க் கப்பலில் வந்தோர் இன்று நம்மிடையே மிகச் சிலரே. கைக்குழந்தையாய் வந்தவரே முதுமை எய்திவிட்டனர். காலம் தாழ்த்தினால் அவ்வரலாறு அவர்களோடு மறையும்.

இரண்டாவது, மருத்துவத்துக்கு வழிகாட்டல். மனநோய்க்கு மருத்துவம் உண்டு. 1996ஆம் ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில் திருச்சிராப்பள்ளி முதல் மாவட்டங்களுள் ஒன்றாய் அமைந்தது. இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இம்மருத்துவத்தைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. உறக்கமின்றித் தவிப்பவரையும், உயிரை விடலாமா என்று புலம்புபவரையும் ஏளனம் செய்யாது, கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். உடன் சென்று உடன் திரும்புங்கள். காய்ச்சலுக்கு ஊசி போடுவதில் வெட்கமில்லை எனில் மனத்துக்கு மருந்து உண்பதிலும் வெட்கமில்லை.

மூன்றாவது, உரிமைக்கு உதவல். பட்டா, குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், உதவித்தொகை ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களை எழுதிக் கொடுங்கள். இவை அலுவலகத்துத் தாள்கள் என்று எண்ணுதல் வேண்டா. நாளை இங்கிருந்தும் துரத்தப்படுவோமோ என்று அஞ்சும் தாய்க்கு வீட்டுப் பட்டா ஒன்று கிடைக்குமாயின், அவள் அன்றிரவு உறங்குவாள். எழுதப் படிக்கத் தெரியாததால் ஒரு தலைமுறை நாட்டை இழந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த தலைமுறை அத்தாள்களை மீட்டுக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

நம் சங்கம் இதுகாறும் நடத்திய இரவுப் பள்ளியும் மாணவர் விடுதியும் படிப்பகமும் இப்பணிக்கு ஏற்ற இடங்களே. வாரத்தில் ஒரு மாலை, விண்ணப்பம் எழுதவும் முதியோர் சொல்வதைக் கேட்கவும் நான்கு இளைஞர் அங்கே அமர்ந்தால் போதும். வெள்ளி விழா ஆண்டிலேயே இதைத் தொடங்குவோமாக.